செட்டிநாட்டு வளவு வீடு: கூடுவாய் ஒழுக்கு, மச்சில் சொட்டு, சுவரில் உப்பு. சிமென்ட் போடலாமா?

மூன்றாங்கட்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் ஐயா காலத்து வீட்டைச் செப்பனிடப் போகிறோம். 1910-ஐ ஒட்டிக் கட்டியது. முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாங்கட்டு, அடுப்படிக்கட்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்புக்கு மேல் மட்டும் மச்சு (மாடி). அதற்கு மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்தது. வளவைச் சுற்றி நாட்டு ஓடு.

வளவின் தென்மேற்கு மூலைக் கூடுவாயில் (இரண்டு கூரைச் சரிவுகள் கூடும் இடம்) மழை பெய்யும்போதே ஒழுகுகிறது. முகப்பு மச்சில் நேர்மாறாக, மழை நின்று ஒரு நாள் கழித்துத்தான் சொட்டத் தொடங்குகிறது. சொட்டும் இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. பட்டாலையின் தெருப்பக்கச் சுவரில் தரையிலிருந்து 3 அடி வரை உப்புப் பூத்துக் காரை பெயர்கிறது. அந்தச் சுவரில் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். மற்ற அறைகளில் பழைய முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) இன்னும் பளபளப்பாக இருக்கிறது, அங்கங்கே மட்டும் பொள்ளல், பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் தரைக்கல்), மங்கிப்போயிருக்கிறது.

ஒப்பந்தக்காரர் சொல்வது: ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம், மச்சின் மேல் 2 அங்குலம் சிமென்ட் தளம், சுவருக்கு நீர்புகாக் கலவை சேர்த்த சிமென்ட் பூச்சு. பங்காளிகளில் பாதிப் பேர் இதற்குச் சரி என்கிறார்கள். எது முதலில், எது பிறகு? யுனெஸ்கோ பட்டியலில் இந்த ஊர்கள் இருப்பதால் ஏதாவது தடை உண்டா?

---

காரைக்கொத்து:

கடைசிக் கேள்விக்கு முதலில். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் சேர்ந்தன. உலக மரபுச் சின்னம் என்ற அறிவிப்புக்கு அது முந்தைய படி. தனியார் வீட்டை அந்தப் பட்டியல் தடுக்கவும் செய்யாது, காப்பாற்றவும் செய்யாது. முடிவு உங்கள் பங்காளிகள் கையில்தான். எந்த வேலைக்கும் முன்னால் எல்லாப் பங்குதாரரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பாதி ஓட்டைப் பிரித்த நிலையில் ஒருவர் ஆட்சேபித்து வேலை நின்றால், அந்த ஆண்டு மழையில் வீடு போய்விடும்.

நீங்கள் சொன்ன மூன்று தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: தண்ணீர் போக வேண்டிய வழியில் போகவில்லை. அதனால் வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். கூரை முதலில், மச்சு அடுத்தது, பிறகு வெளிச்சுவரின் அடிமட்டமும் வடிகாலும், அது காய்ந்த பிறகே பூச்சு, கடைசியில் தரை. பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியும் சுவரில் தொடங்குகிறார்கள். மறு ஆண்டே அதே சுவர் மறுபடி உதிர்கிறது.

ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் தளம் வேண்டவே வேண்டாம். வளவுக் கூரையின் பாரம் கைமரம் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) வழியாகத் தூணுக்கும் சுவருக்கும் போகிறது. தூணுக்குக் கீழே இருப்பது ஒரு கல் இருக்கை, அவ்வளவுதான். கான்கிரீட் தளத்தின் எடையை அந்த ஏற்பாடு எதிர்பார்க்கவில்லை. அதைவிட மோசம், வெயிலில் கான்கிரீட் விரிந்து சுண்ணாம்புச் சுவரின் தலையை வெளியே தள்ளும். தளத்துக்குக் கீழே சுவர் நெடுகக் கிடைமட்டமாக ஒரு விரிசல் ஓடும், அதில் மறுபடி மழை இறங்கும். ஓட்டுக் கூரை இருந்தவரை வளவுக்குள் இருந்த காற்றும் போய்விடும்.

கூடுவாய்க்கு வருகிறேன். இரண்டு சரிவுகள் கூடும் அந்த மூலையில் இரு பக்கத்து மழையும் ஒரே தகட்டில் வந்து விழும். உங்கள் வீட்டில் மழையின்போதே ஒழுகுவதால் தகடு துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது இலைதழை அடைத்துத் தண்ணீர் விளிம்பு தாண்டுகிறது. கூடுவாயின் இரு புறமும் 2 அடி அகலத்துக்கு ஓட்டைப் பிரியுங்கள். ஓட்டின் மேல் நேராக ஏறக்கூடாது. பலகை போட்டு ஏற வேண்டும், இல்லாவிட்டால் நல்ல ஓட்டையும் உடைத்துவிட்டு வருவீர்கள். பிரித்த ஒவ்வொரு ஓட்டையும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வைத்துக்கொள்ளலாம், மந்தமாகக் கேட்டால் மயிரிழை விரிசல் இருக்கிறது, ஒதுக்குங்கள்.

அடுத்து கூடுவாய்க் கைமரம். திருப்புளியால் மேல்முகத்திலும் இரு பக்கத்திலும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்த இடம் மக்கிவிட்டது. நுனி மட்டும் மக்கியிருந்தால் முழு மரத்தையும் மாற்ற வேண்டாம்; நல்ல மரம் வரும்வரை அறுத்துவிட்டு, அறுத்த நீளத்துக்குப் பழைய தேக்கையே சாய்வெட்டு இணைப்பில் பூட்டலாம். இணைப்பின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் 3 மடங்காவது இருக்கட்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்குச் சட்டம் கிடைக்கும். அவையெல்லாம் இடிபட்ட வீடுகளிலிருந்து வந்தவை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தேவையான அளவு மட்டும் வாங்குங்கள்.

புதுத் தகடு 24 கேஜ் துத்தநாகப் பூச்சுத் தகடாவது இருக்க வேண்டும். வசதி இருந்தால் செம்பு. அகலம் 2 அடி. இரண்டு விளிம்பையும் அரை அங்குலம் மேல்நோக்கி மடித்துவிட வேண்டும், அந்த மடிப்புதான் தண்ணீரைத் தாண்டவிடாது. தகட்டுக்குத் தகடு 6 அங்குலம் ஏற்றம், மேல் தகடு கீழ்த் தகட்டின் மீது. ஆணி மடித்த விளிம்புக்கு வெளியே மட்டும். நடுவில் ஒரே ஓர் ஆணி அடித்தாலும் அதுதான் அடுத்த ஒழுக்கு. செம்பும் துத்தநாகத் தகடும் ஒன்றையொன்று தொடக்கூடாது, துத்தநாகம் அரித்துப்போகும். ஓட்டைத் திரும்ப வேயும்போது தகட்டின் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து விடுங்கள், கையை விட்டு இலையை வார இடம் வேண்டும். மல்லாந்த ஓடும் கவிழ்ந்த ஓடும் குறைந்தது 3 அங்குலம் ஏற்றம். முகட்டு ஓட்டுக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து. ஓட்டு வரிசைக்கு இடையில் சிமென்ட் வைத்து ஒட்டினால் வெயிலில் ஓடு உடையும், உடைந்த ஒன்றை மாற்றப் போனால் பத்து ஓடு சேர்ந்து பெயரும்.

---

தளவரிசை:

மச்சைப் பற்றி நான் சொல்கிறேன். மழை நின்ற பிறகு சொட்டுவதும் இடம் மாறுவதும் மெட்ராஸ் டெரஸுக்கே உரிய அடையாளம். தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, செங்கல் ஜல்லிக் காரையில் ஊறி, தளத்தைத் தாங்கும் மரக்கட்டையைத் தொட்டு வழிந்து வேறிடத்தில் சொட்டும். ஆகவே சொட்டும் இடத்துக்கு நேர் மேலே பார்த்துப் பயனில்லை. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை, தூம்பு (மழைநீர் வெளியேறும் குழாய்) வாய், அரசங்கன்று முளைத்த இடம், பிற்காலத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டியின் அடி, இந்த நான்கையும் முதலில் பாருங்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி: தளம் முழுவதும் தண்ணீர் கட்டி நிறுத்தாதீர்கள், பழைய கட்டை தாங்காது. தூம்புப் பக்கத் தாழ்வான பகுதியில் தொடங்கி, ஒரு பாத்தி அளவு இடத்துக்குக் குழாயால் அரை மணி நேரம் விட்டுவிட்டு, கீழே ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும். காய்ந்த பிறகு அடுத்த பாத்தி. கைப்பிடிச்சுவர் ஓரம் கடைசியில். மெதுவான வேலைதான், ஆனால் எந்தப் பாத்தி என்று தெரிந்துவிட்டால் தளம் முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை.

2 அங்குல சிமென்ட் தளம் என்பது ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 11 கிலோ. 1,000 சதுர அடி மச்சுக்கு 11 டன். நூறு வயதான கட்டைகளின் தலையில் அதை ஏற்றிவிட்டு, கீழே ஊறிய ஈரம் மேலே ஆவியாகவும் வழியை அடைத்துவிடுகிறோம். ஈரம் கீழ்ப்பக்கம்தான் வெளியேறும், கட்டையின் மேல்முகம் வழியாக. மேலே ஒழுக்கு நின்றுவிட்டது என்று மகிழும்போது உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

தளத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வேலை எளிது. ஓரடி, ஒன்றரை அடி இடைவெளியில் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் 6 அங்குலம் நீளம், 3 அங்குலம் அகலம், 1 அங்குலம் கனமுள்ள மெல்லிய தளச்செங்கல், குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாக வைத்தது. அதற்கு மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை. அதற்கு மேல் 2 அல்லது 3 வரிசை தட்டோடு (தட்டையான ஓடு), கீழ் வரிசை இணைப்பின் மேல் மேல் வரிசை இணைப்பு வராதபடி. பழுதான பாத்தியில் தட்டோட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜல்லிக் காரை கரணையால் தட்டினால் கெட்டியாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். கையில் உதிர்ந்தால் மட்டும் அந்தப் பாத்தியை எடுங்கள்.

புதுக் காரைக்கு: 20 மில்லிமீட்டர் அளவுச் செங்கல் ஜல்லி 3 பங்கு, பொடிச்சரளையும் மணலும் சேர்ந்து 1 பங்கு, இவற்றின் மொத்தக் கன அளவில் பாதி சுண்ணாம்புச் சாந்து. ஜல்லியை முதல் நாளே தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், ஒட்டாது. பரப்பியபின் மரக்கட்டையால் 3 நாள் அடிக்க வேண்டும், இடையிடையே கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து. கட்டை எகிறி எகிறி வரத் தொடங்கினால் காரை இறுகிவிட்டது என்று அறியலாம். சரிவு 3 அடிக்கு 1 அங்குலம். பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு.

கடுக்காய்த் தண்ணீர் அளவு இடத்துக்கு இடம் மாறும். 100 லிட்டருக்கு 2 கிலோ கடுக்காய்த் தோல், 2 கிலோ வெல்லம் என்று தொடங்கலாம். கடுக்காயை இடித்துத் தனியாக ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். வெல்லம் கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். கூட்டினால் உறுதி கூடும் என்று நினைத்துவிட வேண்டாம்.

கைப்பிடிச்சுவர் ஓரத்துக்குச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தில் 4 அங்குலத்துக்கு முக்கோணச் சாய்வு கொடுங்கள். அரசங்கன்றை வெறுமனே பிடுங்கினால் வேர் உள்ளேயே இருக்கும். அந்த இடத்துக் கல்லைப் பெயர்த்து வேரை முழுதாக எடுத்துவிட்டுக் கட்ட வேண்டும்.

---

மூன்றாங்கட்டு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஊரில் இருக்கும் தம்பியைப் பார்க்கச் சொன்னேன். மச்சுக் கட்டைகளில் தெருப்பக்கச் சுவருக்குள் போகும் நுனிகள் நான்கு மெத்தென்று இருக்கின்றனவாம். கிழக்குப் பக்கத்து வீட்டை இடித்து மனையாக விட்டுவிட்டார்கள். பொதுச்சுவர் பூச்சில்லாமல் மழையில் நிற்கிறது. தெருவில் புதுச் சாலை போட்டுப் போட்டு, திண்ணைக்கு ஏறும் படி 5 இருந்தது இப்போது 3 தான் வெளியே தெரிகிறது. இதெல்லாம் சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டேன்.

---

காரைக்கொத்து:

மூன்றாவது தகவல்தான் உங்கள் உப்புச் சுவருக்குப் பதில். இந்த ஊர்களில் வீட்டைத் தெருவிலிருந்து உயர்த்திக் கட்டியதே சுவரின் அடி ஈரத்தைத் தொடக்கூடாது என்பதற்காக. தெரு இரண்டு படி உயர்ந்துவிட்டதால் மழைத் தண்ணீர் இப்போது சுவரில் சாய்ந்து நிற்கிறது. சுவர் அதை உறிஞ்சுகிறது, ஓதம் ஏறுகிறது. வெளிப்புறம் சிமென்ட் பூசியிருப்பதால் அந்த ஓதம் வெளியே காய முடியாமல் இன்னும் உயரே ஏறி, உட்புறமாக வந்து உப்பாகப் பூக்கிறது. நீர்புகாக் கலவை சேர்த்தால் 3 அடியில் நிற்கும் ஓதம் இன்னும் மேலே போகும்.

தெருவைத் தாழ்த்த உங்களால் முடியாது. ஆனால் சுவரை ஒட்டி, உங்கள் எல்லைக்குள், 2 அடி அகலத்துக்கு மண்ணைப் பழைய மட்டம் வரை வெட்டி எடுத்து, செங்கல்லில் வாய்க்கால் கட்டிச் சரிவு கொடுத்துத் தெருக்கோடி வடிகாலில் விடலாம். அடித்தளக் கட்டுமானம் முடியும் மட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டாதீர்கள். பழைய தெரு வடிகால்கள் ஊருணியை நோக்கிச் சரிந்தவை. புதுச் சாலையின் கீழ் அவை புதைந்திருக்கலாம். அதைத் திறக்கச் சொல்லி ஊராட்சியில் தெருவார் எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொடுங்கள்.

வளவு முற்றத்துத் தண்ணீர் போகும் கல் மடையையும் இப்போதே சோதியுங்கள். ஐந்தாறு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தெருப்பக்கம் உடனே வர வேண்டும். தேங்கி மெதுவாக இறங்கினால் நடுவில் எங்கோ உடைந்து, பட்டாலைக்கு அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது.

கட்டை நுனி மக்கியதற்கும் அதே தெருச்சுவர்தான் காரணமாக இருக்கும், கைப்பிடிச்சுவர் மூலையிலிருந்து இறங்கிய தண்ணீர். ஒரே நேரத்தில் நான்கையும் தொடாதீர்கள். ஒன்றை முடித்து அடுத்தது. முட்டுக் கொடுக்கும்போது முட்டுக்கு அடியில் நீளப் பலகையும் அதற்கும் அடியில் மடித்த சாக்கும் போடுங்கள், நேராக ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றினால் கல் தெறித்துவிடும். புது நுனியைச் சுவருக்குள் விடும்போது மூன்று பக்கமும் அரை அங்குலம் காற்று விட்டு, அடியில் மட்டும் தட்டைக் கல்லின் மேல் உட்கார வையுங்கள். சுற்றிலும் சாந்து வைத்து அடைத்தால் மறுபடி மக்கும்.

பொதுச்சுவர் அவசரம். உள்சுவராக இருக்கக் கட்டியது அது. மழையைத் தாங்கும் பூச்சு அதற்குக் கிடையாது. இடித்த வீட்டின் கட்டை செருகியிருந்த குழிகளைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து அடைத்து, சுவரின் தலைக்கு இரு பக்கமும் 2 அங்குலம் நீட்டிய தட்டோட்டு மூடி போட்டு, இரண்டு கோட் சுண்ணாம்புப் பூச்சாவது இந்த மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பக்கத்து மனைக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

---

முட்டைப்பூச்சு:

சுவர்ப் பூச்சுக்கு என் பங்கு. உப்புப் பூத்த சுவரில் சிமென்ட் முழுவதையும் எடுங்கள். ஓதக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை நல்லதாகத் தெரிந்தாலும் எடுக்க வேண்டும். இயந்திரச் சுத்தி வேண்டாம், அதிர்வில் பக்கத்து முட்டைப் பூச்சு பொள்ளிப்போகும். உளியும் சின்னச் சுத்தியும் போதும். இணைப்புச் சாந்தை ஓர் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, கூட்டி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். பரவாயில்லை.

முதலில் அந்தச் சுவருக்குக் கொஞ்சம் தளர்வான சுண்ணாம்புப் பூச்சு மட்டும்: நீற்றிய சுண்ணாம்பு 1, மணல் 3. இது மிச்ச உப்பை வாங்கிக்கொண்டு ஓரிரு ஆண்டில் உதிரும். உதிரட்டும், அதற்காகத்தான் பூசுவது. அடுத்த பூச்சுதான் நிலையானது.

மற்ற அறைகளில் முட்டைப் பூச்சை முழுவதும் எடுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, பொள்ளல் சத்தம் கேட்கும் இடங்களைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போடுங்கள். கோட்டுக்குள் மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டால் போதும்.

ஒட்டுக்கு ஐந்து அடுக்கு. முதலில் சுண்ணாம்பு 1, மணல் 2½, அரை அங்குலம் கனம். அது ஒரு வாரம் ஈரத்தோடு இறுகிய பிறகு, அதே கலவையில் கால் அங்குலம். மூன்றாவது சலித்த நுண்மணலோடு 3 மில்லிமீட்டர். நான்காவது மணலுக்குப் பதில் சலித்த வெள்ளைக்கல் மாவு, 2 மில்லிமீட்டர். ஐந்தாவது துணியில் வடித்த சுண்ணாம்பு விழுதில் முட்டை வெள்ளைக்கரு கலந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மஞ்சள்கரு ஒரு சொட்டும் சேரக்கூடாது, கறை விழும், நாற்றமும் வரும். கடைசி மூன்று அடுக்கும் ஒன்றன் ஈரம் போகுமுன் அடுத்தது ஏற வேண்டும், ஆகவே ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவை மட்டும் தொடங்குங்கள். முதலில் கரணையால் அழுத்தி, பிறகு வழுவழுப்பான கூழாங்கல்லால் சிறு சிறு வட்டமாகத் தேய்க்க வேண்டும். அடுத்த சில நாள்களுக்குப் பூச்சு வேர்க்கும். பொடிப் பொடியாகத் தண்ணீர் முத்து கட்டும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே காயவிட்டால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும்.

சுண்ணாம்பு: சுட்ட கிளிஞ்சல் வாங்கி நீங்களே நீற்றுங்கள். தண்ணீர் நிறைந்த தொட்டியில் கிளிஞ்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கிளிஞ்சலின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், குழந்தைகள் அருகில் வேண்டாம். அடிப்பூச்சுக்கு 15 நாள் ஊறினால் போதும், கடைசி இரண்டு அடுக்குக்கு மூன்று மாதமாவது ஊற வேண்டும். சரியாக நீறாத ஒரு துகள் பூச்சுக்குள் இருந்தால், பிறகு ஈரம் பட்டு விரிந்து, பூச்சில் சின்னக் குழி தெறிக்கும்.

---

சிவகங்கைச்சீமை:

மேலே சொன்னதோடு ஓரிடத்தில் எனக்கு வேறு கருத்து. எல்லோராலும் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு நீற்ற முடியாது. மூட்டையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளும் அடிப்பூச்சுக்குத் தாராளமாக ஆகும், மூட்டை புதிதாக இருந்தால். கடையில் நாள்பட்டுக் கிடந்த மூட்டை காற்றுப் பட்டே பாதி செத்திருக்கும். கட்டி கட்டியாக இருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதை முதல் நாளே தண்ணீரில் குழைத்து விழுதாக்கி மூடிவைத்து மறுநாள் பயன்படுத்துங்கள். கடைசி அடுக்குகளுக்கு முட்டைப்பூச்சு சொன்னதுபோல் ஊறிய கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

இன்னொன்று. சிமென்ட் இருக்கும் இடமெல்லாம் கெட்டது என்று எடுத்துவிடவும் வேண்டாம். இந்த ஊர்களில் 1930-களிலும் 40-களிலும் கட்டிய வீடுகளிலும் முகப்புகளிலும் சிமென்ட் வேலைப்பாடும் இரும்பு விட்டமும் முதலிலிருந்தே உண்டு. உங்கள் வீடு 1910 என்றாலும் முகப்பைப் பிறகு மாற்றியிருக்கலாம். ஆணியால் கீறிப் பாருங்கள்: வெள்ளையாகப் பொடியானால் சுண்ணாம்பு, சாம்பல் நிறமாகக் கீறலே விழாமல் இருந்தால் சிமென்ட். முகப்பின் கொடுங்கையும் பொம்மைகளும் சிமென்டாக இருந்தால் அவற்றை அப்படியே சிமென்டில்தான் செப்பனிட வேண்டும்.

வெளியே வண்ணத்துக்கு எமல்ஷன் வேண்டாம். சுண்ணாம்பு வெள்ளை, மூன்று கோட், ஒவ்வொன்றும் பால்போலத் தண்ணியாக. கெட்டியாக ஒரே கோட் அடித்தால் பொருக்காக உரியும்.

---

கண்ணாடித்தட்டு:

தரைக்கு யாரும் வரவில்லை, எழுதிவிடுகிறேன். முதலில் அது ஆத்தங்குடிக் கல்தானா என்று பாருங்கள். பல வீடுகளில் பட்டாலையில் வெளிநாட்டுக் கல்லும் பளிங்கும், வளவில் ஆத்தங்குடியும் கலந்திருக்கும். சுவர் ஓரத்தில் சித்திரம் புடைத்து நிற்கும் பளபளப்பான கல் இருந்தால் அது பெரும்பாலும் ஜப்பான் பீங்கான். அதற்கு இந்த முறை வேண்டாம், ஈரத்துணி போதும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தட்டை வைத்து, அதன் மேல் பூ அச்சை வைத்து, சிமென்டில் கரைத்த வண்ணத்தை ஒவ்வொரு கண்ணிலும் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, அதன் மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிச் சில நாள் ஊறும், பிறகு வெயில். மேல்முகத்தின் வழுவழுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வண்ணம் சில மில்லிமீட்டர் கனம்தான். ஆகவே மங்கிவிட்டது என்று மெருகேற்றும் இயந்திரத்தை விட்டால் கண்ணாடி கொடுத்த முகமும் போய், ஓரத்தில் பூவும் தேய்ந்துவிடும்.

மங்கியதற்குப் பெரும்பாலும் காரணம் கழிப்பறை ஆசிட். அது சிமென்டையே தின்னும். நிறுத்துங்கள். காரமில்லாத சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தொட்ட துணியால் துடைத்து, மறுநாள் காய்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள். சொட்ட விட்டால் வழுக்கும், தூசு பிடிக்கும். நடமாட நடமாடத்தான் மெருகு ஏறும். பளபளக்க வைக்கும் பூச்சு எதையும் மேலே அடிக்க வேண்டாம். கீழிருந்து வரும் ஈரம் அதற்குள் சிக்கி வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும்.

உடைந்த கல்லுக்கு மாற்று வாங்க ஒரு பழைய கல்லையே எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிக்குப் போங்கள். அளவு, கனம், வண்ணம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். வண்ணத்தை ஈரமாக ஒருமுறை, காய்ந்து ஒருமுறை பாருங்கள், இரண்டும் வேறு. 10 விழுக்காடு கூடுதலாக, ஒரே நாள் ஊற்றிய கல்லாகக் கேளுங்கள். அடுத்த நாள் ஊற்றில் நிறம் சற்று மாறும். பதிக்கும்போது கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஓர் அங்குலச் சாந்தில், இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். மேல்முகத்தில் சிந்திய சாந்தை அப்போதே துடைக்க வேண்டும். இறுகிய பிறகு எடுக்க ஆசிட்தான் வழி என்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

---

மூன்றாங்கட்டு:

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இதை அச்செடுத்துப் பங்காளிகளுக்குக் கொடுக்கப்போகிறேன். ஒரே ஒரு கேள்வி: எந்த மாதத்தில் தொடங்குவது? இப்போது ஆடி முடியப் போகிறது.

---

தளவரிசை:

ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் முடியக்கூடியது கூடுவாய்த் தகடு, பொதுச்சுவர் மூடியும் பூச்சும், தூம்பும் முற்றத்து மடையும் சுத்தம் செய்வது, அரசங்கன்று எடுப்பது. மச்சின் பழுதுப் பாத்தியை இப்போது பிரிக்காதீர்கள். ஆவணி, புரட்டாசி இடிமழையில் திறந்த தளம் மாட்டிக்கொள்ளும். மெத்தென்ற நான்கு கட்டைக்கும் முட்டு மட்டும் கொடுத்து வையுங்கள். கிளிஞ்சலை இந்த மாதமே நீற்றிப் போட்டுவிட்டால் தை பிறக்கும்போது பூச்சுக்குத் தயாராக இருக்கும். தையில் மச்சுக் கட்டையும் தளமும், மாசி பங்குனியில் மற்ற அறைகளின் ஒட்டுப் பூச்சு. சித்திரை, வைகாசி வெயிலில் பூசினால் சுண்ணாம்பு இறுகுமுன் காய்ந்து வெடிக்கும், அந்த மாதங்களை உப்புச் சுவர் காய விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்குமுன் வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் கதவு, சட்டம், கல் எல்லாவற்றுக்கும் எண் எழுதி, அந்த எண்ணை வீட்டின் வரைபடத்திலும் குறித்து, ஒரு பிரதி கொத்தனாரிடமும் ஒரு பிரதி தம்பியிடமும் இருக்கட்டும்.